கணினியில் இருந்த பெயர்

எங்கள் வீட்டுக் கணினியைப் போட்டால் முதலில் நீலத் திரை வரும். நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் என் மகளின் பிளஸ் டூ ஹால் டிக்கெட் படம், இரட்டை ஜடையோடு. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் அவள் பெயர். அதற்கும் கீழே நான்கு இலக்க எண் கேட்கும். எண்ணைப் போட்டால் உள்ளே விடும்.

அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் வாங்கிய கணினி அது. அட்டைப் பெட்டியைப் பிரித்து, ஒயர்களை அங்கங்கே சொருகி, அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் போட்டு ஓட வைத்தவள் அவள்தான். பெயர் என்ன என்று கேட்டதற்குத் தன் பெயரைப் போட்டாள். படம் கேட்டபோது கையில் இருந்தது அந்த ஹால் டிக்கெட் படம்தான். அதில் எங்கள் யாருக்கும் ஓர் ஆட்சேபமும் இருக்கவில்லை. வீட்டில் கணினி தெரிந்த ஒரே ஆள் அவள்.

நான் தமிழாசிரியன். வீடு தியாகதுருகத்தில், பள்ளி சின்னசேலத்துக்குப் பக்கத்தில். கள்ளக்குறிச்சியில் இறங்கி பஸ் மாற வேண்டும். பரீட்சைக்கு வினாத்தாளைக் கையால் எழுதி நகலெடுத்துக்கொண்டிருந்த என்னை உட்கார வைத்து, தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டே விரலால்தான் இன்றைக்கும் அடிக்கிறேன். ஒற்றெழுத்து எங்கே போடுவது, எங்கே விடுவது என்று முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன். அதே ஒற்றுக்குப் புள்ளி வைக்கும் விசை எது என்று பலமுறை அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். அலுத்துக்கொள்ளாமல் வந்து விரலைப் பிடித்து வைத்துவிட்டுப் போவாள்.

பட்டம் முடித்து பி.எட். படித்தாள். கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் தற்காலிக வேலை கிடைத்தது. சனிக்கிழமை இறங்கி வருவாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கச்சிராயபாளையம் வழியாக மேலே போகும் பஸ்ஸில் ஏறிவிடுவாள். இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அதே பள்ளியில் அறிவியல் நடத்துகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அவர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், மலைவாழ் சமூகம். நாங்கள் கீழே கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற நிலக்காரக் குடும்பம்.

அவரைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்த ஊர், எந்த ஆட்கள் என்று தெரிந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. இருபத்தெட்டு வருடமாக வகுப்பில் வேறு மாதிரி பேசி வந்தவன் நான். அதை அன்றைக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் அவர்கள் மேலும் பாய்ந்திருப்பேன். "போனா போனதுதான். திரும்பி இந்த வாசப்படி ஏறாத" என்றேன். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல மத்தியான பஸ்ஸுக்குப் போனாள். இரண்டு மாதம் கழித்துப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கே என் போனிலிருந்து அவள் எண்ணை அழித்தேன்.

கணினி மட்டும் அப்படியே இருந்தது. தினமும் அதைப் போட்டேன், எண்ணைத் தட்டினேன், வினாத்தாள் அடித்தேன், அணைத்தேன். ஏறக்குறைய ஒன்றே கால் வருடம் அந்தப் பெயரும் படமும் என் எதிரே வந்துபோயின. எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழகியிருந்தது. எண்ணைத் தட்டும்போது கண்ணை விசைப்பலகையில் வைத்துக்கொள்வேன்.

விஷயம் என் அண்ணனால்தான் கிளம்பியது. என்னைவிட எட்டு வயது மூத்தவர், நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். சொட்டுநீருக்கு விண்ணப்பிக்கப் பட்டா நகல் வேண்டும் என்று ஒருநாள் காலையில் வந்தார். என் வீட்டில் பிரிண்டர் உண்டு. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். நீலத் திரை வந்தது. அண்ணனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் படம் பார்க்க எழுத்து எதற்கு?

"இன்னா இது?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணா, திறக்கிறப்ப வரும்."

"அவ படம் வருது. கீழ அவ பேரா?"

எண்ணைத் தட்டினேன். அவசரத்தில் தப்பாக விழுந்தது. தவறான எண் என்று சொல்லி மறுபடி அதே படம், அதே பெயர்.

அண்ணன் எழுந்துவிட்டார். "ஊர்ல நாலு பேரு எங்கிட்ட கேக்கிறான். எங்களுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு சொல்லிக்கினு வரேன் நானு. நீ இன்னாடான்னா நடு வூட்ல பேரெழுதி வச்சிக்கினு உக்காந்திருக்கிற."

"பட்டா எடுத்துத் தரேன், உக்காருண்ணா."

"அந்தப் பேரு இருக்கிற மிஷின்லருந்து எனக்குக் காயிதம் வேணாம்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி டம்ளரில் காபியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அந்தக் காபியை என்னிடமும் கொடுக்கவில்லை. உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே பெயரை எடுத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். பெயரை மாற்றுகிற இடம் எங்கேயோ இருக்கும் என்று தெரியும். அமைப்புகள் என்ற பகுதிக்குள் போய், கணக்குகள் என்ற பகுதியைக் கண்டுபிடித்தேன். அங்கேயும் அவள் படம், கொஞ்சம் பெரிதாக. கீழே அவளுடைய மின்னஞ்சல் முகவரி. மாற்ற வேண்டும் என்று அழுத்தியபோது இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறந்தது. கடவுச்சொல் கேட்டது. தெரியாது என்றேன். அப்படியானால் இந்த எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பட்டுமா என்று, போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது. நான் அழித்த எண்தான். இரண்டு இலக்கத்தைப் பார்த்ததும் மீதி எட்டும் எனக்குள் தானாக வந்துவிட்டது. அதற்குமேல் எதையும் அழுத்தாமல் அணைத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. சிபியூவை மட்டும் கழற்றி ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் அது என்ன என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். ரிப்பேரா என்றார். ஆமாம் என்றேன். அது சரியாக ஓடிக்கொண்டிருந்த கணினி.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். இப்போது அவருக்கே முப்பத்தைந்து வயது இருக்கும். தன் திரையில் இணைத்துப் போட்டுப் பார்த்தார். படத்தையும் பெயரையும் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"இன்னா சார் செய்யணும்?"

"பேர மாத்தணும்பா. என் பேரா போட்ரு."

"இது பாப்பாவோட மெயில்ல கட்டியிருக்குது சார். அவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? கம்ப்யூட்டர் என்னுது."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "மிஷின் உங்களுது சார். அக்கவுண்ட் அவங்களுது. மாத்தறதுக்கு வழி இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க சொல்லாம நான் கை வைக்க மாட்டேன். முன்ன ஒரு வாட்டி ஒருத்தரு அவரு சம்சாரத்தோட லேப்டாப்ப எடுத்தாந்து திறந்து குடுன்னாரு. குடுத்தேன். அப்புறம் அது பெரிய சண்டையாகி, நான் நடுவுல மாட்டிக்கினேன். அன்னியோட விட்டுட்டேன் சார்."

"அப்ப மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போடு."

"போடலாம். உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும். பரவால்லயா?"

உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஏழெட்டு வருட வினாத்தாள்கள் இருந்தன. நான் அவ்வப்போது எழுதி வைத்திருந்த கட்டுரைகள். என் மனைவியின் மகளிர் குழுத் தீர்மானங்கள், அவளே ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தவை. அப்புறம் படங்கள். எத்தனை படங்கள் என்று எனக்குத் தெரியாது, அந்தப் பக்கமே நான் போனதில்லை.

"பாப்பாவுக்கு ஒரு போன் போட்டீங்கன்னா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும் சார்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. சின்ன ஊர். தெரிந்தும் தெரியாதவர்போலச் சொன்னார். அது ஒரு மரியாதை என்று எனக்கு அப்போதே புரிந்தது. சிபியூவைத் துண்டில் சுற்றி அவரே என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"பேர எடுக்கணும்னா எடுங்க. அது உங்க இஷ்டம். ஆனா அவகிட்ட சொல்லிட்டு எடுங்க. திருட்டுத்தனமா எதுக்கு?"

"நான் எப்பிடிப் பேசறது?"

"வாயாலதான்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் கவனிக்கவில்லை. கையைத் தட்டிவிட்டு எழுந்து, தன் போனை எடுத்தாள். பெயரைத் தேடவில்லை, பட்டியலைப் பார்க்கவில்லை. பத்து எண்களையும் கட்டைவிரலால் மளமளவென்று அழுத்தி என் கையில் கொடுத்தாள். பெயரைப் போட்டு வைக்காமல் மனப்பாடமாக வைத்திருந்தாள். நான் போனை எடுத்துப் பார்த்தாலும் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் என்று பிறகு புரிந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள், முதல் வாரத்திலிருந்தே. அதைக் கேட்க எனக்கு அப்போது நேரமில்லை. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா" என்றாள் மகள்.

"நான்தான்" என்றேன்.

லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். மலையில் அடிக்கடி போகும் என்று எனக்குத் தெரியும்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் அப்பாவை நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். பிறந்து பேச்சு வந்த நாளிலிருந்து அவளும் அப்படித்தான். 'சொல்லுங்க' என்று அவள் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எப்படி இருக்கிறாய், உடம்பு எப்படி என்பது போன்ற எதையும் நான் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"கம்ப்யூட்டர்ல பேர் மாத்தணும். அது உன் மெயில்ல கட்டியிருக்குதாம். போனுக்கு ஏதோ நம்பர் வருமாம்."

"எந்தப் பேரு?"

"திறந்ததும் வருதே, அந்தப் பேரு. உன் பேரு."

பின்னால் பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்டது. யாரிடமோ "இருங்க, வரேன்" என்றாள். பிறகு ஒரு டீச்சரின் குரலில் பேசினாள். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "நம்பர் வேணாம்ப்பா. அங்க மாத்துனா என் மெயில்லயும் பேர் மாறிடும். அதுக்குப் பதிலா மிஷினை என் மெயில்லருந்து கழட்டிடலாம். உங்க பேர்ல தனியா ஓடும். பைல் எதுவும் போகாது. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. இப்ப கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கீங்களா?"

சிபியூ இன்னும் துண்டுக்குள் இருந்தது. இல்லை என்றேன்.

"அப்ப நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்குப் போடறேன். தண்ணித் தொட்டிகிட்ட நின்னா சிக்னல் கொஞ்சம் இருக்கும்" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அறுந்துவிட்டது.

பத்து நிமிட வேலை என்று கடைக்காரர் சொன்னார். எங்களுக்கு நான்கு நாள் ஆனது.

சிபியூவை மறுபடி மாட்டி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சரியாக ஐந்துக்குக் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். என் மனைவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். திறந்து வைத்திருக்கும் கோப்புகளை முதலில் சேமித்து மூடச் சொன்னாள் மகள். எட்டாம் வகுப்புக் காலாண்டு வினாத்தாள் திறந்திருந்தது. மூடினேன். இடதுபக்கக் கீழ் மூலையை அழுத்தச் சொன்னாள். பல்சக்கரம் போன்ற படம் தெரிகிறதா என்றாள். தெரிந்தது. அதற்குள் கணக்குகள் என்பதை அழுத்தச் சொன்னாள். "இப்ப என் படம் பெருசா வருதா?" என்றாள். "வருது" என்றேன். "அதுக்குக் கீழ லோக்கல் அக்கவுண்ட்னு நீலக் கலர்ல ஒரு வரி…" என்பதோடு லைன் போனது. இருபது நிமிடம் காத்திருந்தோம். திரும்ப வரவில்லை. அந்த நீல வரியை நான் பார்த்துவிட்டேன். நானே அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. தப்பாகிவிடுமோ என்ற பயம் என்றுதான் மனைவியிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும், வழக்கமாக டீ குடிக்கும் கடையில் நிற்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஐந்தேகால் ஆகியும் போன் வரவில்லை. மலையில் மழையாம். ஐந்தரைக்கு வந்தது, காற்றுச் சத்தத்தோடு. "குடை புடிச்சிக்கினு நிக்கிறேன், சீக்கிரம்" என்றாள். அந்த நீல வரியை அழுத்தினேன். நிச்சயமாகத்தானா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தச் சொன்னாள். நான்கு இலக்க எண்ணைக் கேட்டது. போட்டேன். பெயர் கேட்டது.

"இன்னா பேர் போடப் போறீங்க?"

"என் பேர்தான்."

"இனிஷியலோடயா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்று கேட்டேன். "உங்க இஷ்டம். மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். இரண்டு விரலால் ஆங்கிலத்தில் என் பெயரை அடித்தேன். ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். "எச் விட்டுட்டீங்க" என்றாள் மலையிலிருந்து. சரிதான், விட்டிருந்தேன். கடவுச்சொல்லை இரண்டு முறை போட வேண்டும், மறந்தால் ஞாபகப்படுத்த ஒரு குறிப்பும் கொடுக்க வேண்டும் என்றாள். அதற்குள் இங்கே மின்சாரம் போய்விட்டது. திரை கறுத்தது. "கரண்ட் போச்சி" என்றேன். "இங்கயும் இல்ல" என்றாள். அவள் குடையில் மழை விழும் சத்தம் கேட்டது. "நனையாத, உள்ள போ" என்றேன். அந்த மூன்று நாளில் கம்ப்யூட்டரைப் பற்றி அல்லாமல் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். இந்த முறை எனக்கு வழி தெரிந்திருந்தது. அவள் சொல்வதற்கு முன்பே அழுத்திக்கொண்டு போனேன். 'எச்'சை விடாமல் பெயர் போட்டேன். கடவுச்சொல் போட்டேன். கடைசியாக ஒரு பெட்டி வந்தது. இனி நீங்கள் உங்கள் புதிய கணக்கில்தான் நுழைய வேண்டும், வெளியேறி முடிக்கவும் என்று இருந்தது. மவுஸின் மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

"இன்னா வந்திருக்குது?" என்றாள்.

படித்துச் சொன்னேன்.

"அதான் கடைசி. அழுத்திடுங்க."

என் மனைவி முக்காலியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சொன்ன வார்த்தைக்காகத்தான் இத்தனையும் செய்தேன். இந்தப் பெட்டியை அழுத்தினால் காரியம் முடிந்தது. ஆனால் நாளை ஐந்து மணிக்கு அவள் எதற்காகப் போன் செய்வாள் என்ற கேள்வி எனக்கு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. பெயரை எடுப்பதற்கு அந்தப் பெயர்க்காரியையே மழையில் நிற்க வைத்து வேலை வாங்கியிருக்கிறேன்.

"அழுத்துப்பா. நான் இன்னா கோச்சிக்கவா போறேன்?" என்றாள். 'நீங்க' போயிருந்தது. அவள் அதைக் கவனித்திருக்க மாட்டாள்.

அழுத்தினேன். திரை சுற்றியது. நீலம் வந்தது. நடுவில் வட்டம், கீழே என் பெயர். வட்டத்துக்குள் பார்த்தால் அதே ஹால் டிக்கெட் படம்.

"பேர் மாறிடுச்சி. படம் மாறல" என்றேன்.

"எந்தப் படம்?"

"உன் படந்தான். ரெட்ட ஜடை."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பள்ளி மைதானத்தில் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தாள். "அப்ப என் தமிழய்யா அப்பா ரெட்ட ஜடை போட்டுக்கினு ரிப்பனு கட்டிக்கினு இருக்கிறாரு" என்றாள். என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "படத்த மாத்தறது ஈசிப்பா. நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

புதன்கிழமை அவள் கூப்பிட்டபோது போனை என் மனைவி வாங்கிக்கொண்டாள். "அவருக்கு மட்டும் தனியா போட்டுக் குடுத்துட்ட. எனக்கு? தீர்மானம் அடிக்கிறது நானுதான. நாளைக்கு இவரு எதையாவது மாத்தி எதையாவது அழிச்சிட்டாருன்னா?" என்றாள். அது என்னைக் குத்துவதற்காகச் சொன்னதா, உண்மையான பயமா என்று தெரியவில்லை. மகள் அவளுக்கும் ஒரு தனிக் கணக்குப் போடும் வழியைச் சொன்னாள். நான் முக்காலியில் உட்கார்ந்தேன், என் மனைவி நாற்காலியில். பெயரை அவள் தமிழிலேயே அடித்தாள். கணினி ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. எனக்கு அது தோன்றவே இல்லை, நான்தான் தமிழாசிரியன்.

படத்தை மாற்றும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கோப்புகளை எங்கே வைத்திருக்கிறது என்று அந்த வாரம் தேடியபோது, உள்ளே ஒரு கோப்புறைக்கு இன்னும் அவள் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துதான் பெயராக இருந்ததைப் பார்த்தேன். மகளிடம் கேட்டதற்கு, அது முதலில் போட்டதோடு சரி, வெளியே பெயரை மாற்றினாலும் அது மாறாது, கை வைத்தால் சில புரோகிராம்கள் ஓடாது என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அண்ணனை நானே கூப்பிட்டேன். பட்டா எடுத்துக்கொள்ள வரச் சொன்னேன். வந்தார். கணினியைப் போட்டேன். இப்போது திரையின் மூலையில் இரண்டு பெயர்கள் வந்தன. என் பெயரை அழுத்தினேன். நடுவில் படம் வந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார்.

"பேரு மாறிடுச்சா?"

"மாறிடுச்சிண்ணா."

"மூஞ்சி மாறலயே."

"இல்ல. அவதான் போன்ல சொல்லச் சொல்ல மாத்துனேன். தினமும் பேசிக்கினுதான் இருக்கிறேன்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அடுத்து அவர் எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிரிண்டர் பட்டாவைத் துப்பியது. தாளை வாங்கிச் சர்வே எண்ணைச் சரிபார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பைத் தேடுவதுபோலக் கீழே பார்த்துக்கொண்டே, "மேல குளுரு ஜாஸ்தியாச்சே. கம்பிளி கிம்பிளி வச்சிருக்குதா அது?" என்றார். தெரியவில்லை என்றேன். "கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இன்றுவரை அவளிடம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊரில் யாரிடமும் சம்பந்தம் இல்லை என்று சொன்னதாகவும் காதில் விழவில்லை.

காலாண்டு விடுமுறையில் நானும் என் மனைவியும் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் என் மனைவிக்குத் தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். மடியில் இரண்டு கம்பளிகள். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மகள் நின்றிருந்தாள், பக்கத்தில் அந்த அறிவியல் ஆசிரியர். கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "சிக்னல் வர்ற தண்ணித் தொட்டி எது?" என்று கேட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு சாதாரணச் சிமெண்ட் தொட்டி. பக்கத்தில் சாமை விளைந்த கொல்லை.

அவர் அதிகம் பேசாதவர். சாப்பாடு போட்டார், சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். பள்ளியைச் சுற்றிக் காட்டினார். பிள்ளைகளுக்குத் தமிழில் எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது என்று கேட்டேன், சரியாகச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு மாதிரி வினாத்தாள் ஒன்று வேண்டும் என்றார், அனுப்புகிறேன் என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை என்று கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவதும் முறையில்லை. வாத்தியார்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுபோல 'சார்' என்றேன். அவரும் என்னை 'சார்' என்றார். இதுவரை எங்களுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மகள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு சாருக்கும் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்பாள்.